கனி அக்காவும் ஆதி மேடமும்

ஜூன் 9

அம்மாவுக்கும் எனக்கும் இன்று முதல் ஒரே இடத்தில் வேலை. நான் ட்ரெய்னி என்ஜினியர். அம்மா சித்தாள்.

நான் இங்கே சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. அம்மாவின் பழைய மேஸ்திரி கேரளாவுக்குப் போய்விட்டதால் அவள் காலையில் தென்காசி பஸ் ஸ்டாண்டு பக்கம் போய் நின்றிருக்கிறாள். பால்ராஜ் மேஸ்திரி ஆள் எடுக்க வந்தார். எங்கே வேலை என்று கேட்காமலேயே வண்டியில் ஏறிவிட்டாள். இறங்கிப் பார்த்தால் ஸ்டேடியம். பவிலியன் வாசலில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு நான் நிற்கிறேன்.

நான்தான் முதலில் வேறு பக்கம் பார்த்தேன். அவளுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

சாயங்காலம் வீட்டில் பேசி முடிவு செய்தோம். யாருக்கும் தெரிய வேண்டாம். இது அம்மாவின் யோசனைதான். காலையில் ஒரே பஸ்ஸில் போவோம். அவள் ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடந்து வருவாள். அங்கே அவள் கனி. சண்முகக்கனி என்று முழுதாகக் கூப்பிட யாருக்கும் நேரமில்லை. முப்பிடாதி என்ற என் பெயரையும் கம்பெனியில் ஆதி என்று சுருக்கிவிட்டார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை.

மதியம் சிமெண்ட் இறக்கும் இடத்தில் அம்மா என்னைக் கடந்து போனாள். "கொஞ்சம் ஒதுங்கிக்கிடுங்க மேடம்" என்றாள். ஒதுங்கினேன்.

ஜூன் 12

ஓடுதளத்தை இன்று வெட்டத் தொடங்கினோம். கரித்தூள் போட்ட பழைய ஓடுதளம். பள்ளிக்கூடத்தில் படித்தபோது மாவட்டப் போட்டிக்கு இங்கே வந்து நானூறு மீட்டரில் கடைசியாக வந்திருக்கிறேன். ஜேசிபி அதை ஒரு நாளில் சுரண்டி எடுத்துவிட்டது. இனி இங்கே ஓட்டம் கிடையாது. வடக்குக் கோல் போஸ்ட் இருந்த இடத்தில் மேடை வரும். நடுவில் மைதானம் முழுக்கத் தளம். கச்சேரி, கண்காட்சி, கல்யாண வரவேற்பு எல்லாம் நடக்கும். கேலரிப் படிகளில் பிளாஸ்டிக் நாற்காலிகள் பதிப்போம். பவிலியனில் குளிர்சாதன அறைகள். பெயர்ப்பலகையில் 'அரீனா' என்று எழுதி வைத்தாகிவிட்டது, உள்ளே கழிவறைகூடத் தயாராகவில்லை.

காலையில் நடைப்பயிற்சிக்கு வந்த சிலர் கேட்டில் நின்று சண்டை போட்டார்கள். ஜவஹர் சார்தான் இங்கே ப்ராஜெக்ட் மேனேஜர். "என்ட்ட ஏன் சார் கேக்கிய, நானும் சுகர் பேஷண்ட்தான், எனக்கும்தான் நடக்க இடமில்ல" என்று சொல்லி அனுப்பி வைத்தார். எனக்கு அப்படிப் பேச வராது.

ஜூன் 16

இன்னொரு ட்ரெய்னி வந்திருக்கிறாள். பெயர் ஜெர்லின். நாகர்கோவில். அப்பா பொதுப்பணித் துறையில் என்ஜினியராக இருந்தவராம். ஸ்கூட்டியில் வந்து இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே உள்ளே நடந்து வந்தாள். அதற்கு மேல் சைட் ஹெல்மெட்டை வைக்கப் பார்த்து, வைக்க முடியாமல் தானே சிரித்தாள். எல்லாரும் சிரித்தார்கள்.

நான் வந்த முதல் நாள் யாரும் சிரிக்கவில்லை. யாரும் கவனிக்கவும் இல்லை.

ஜூன் 17

ஜெர்லின் ஒரு வரைபடத்தைக் காட்டி ஜவஹர் சாரிடம் "இது என்னது சார், எனக்கு ஒண்ணும் புரியல" என்றாள். சார் உட்கார்ந்து படம் வரைந்து காட்டினார். அது எனக்கும் இந்த ஒரு மாதமாகப் புரியாத விஷயம்தான்.

ஜூன் 20

மட்டம் பார்க்கும் கருவியை இதுவரை நான் மட்டும்தான் கையாண்டேன். அதைத் துடைத்துப் பெட்டியில் வைப்பதுகூட என் வேலை. இன்று சார், "ஆதி, ஜெர்லினுக்கும் கத்துக்குடுத்துருங்க" என்றார். கற்றுக்கொடுத்தேன். சீக்கிரம் கற்றுக்கொண்டாள். கண்ணை இடுக்கிப் பார்க்கும்போது நாக்கின் நுனி வெளியே வருகிறது. அது ஒன்றுதான் குறை.

ஜூன் 24

ஜெர்லின் மதியம் ஆட்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாள். பவிலியனுக்குப் பின்னால், டைல்ஸ் அடுக்கி வைத்திருக்கும் நிழலில். நான் ஆபீஸ் அறையில் சாப்பிடுவேன். அங்கே ஃபேன் இருக்கிறது.

இன்று கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தவள், "ஆதி, அந்தக் கனி அக்கா கொண்டு வந்த கத்தரிக்கா புளிக்குழம்பு இருக்கே, அய்யோ. எனக்கு அள்ளி அள்ளி வச்சாங்க. நீங்க என்ன கொண்டு வந்தீங்க?" என்றாள்.

நான் டப்பாவை மூடினேன். "முடிச்சிட்டேன்" என்றேன். பாதிகூடச் சாப்பிட்டிருக்கவில்லை.

ஜூலை 1

இரவுச் சாப்பாட்டின்போது அம்மா தானாகச் சிரித்தாள். என்ன என்று கேட்டேன்.

"அந்த நாரோயில் புள்ள இன்னிக்கு என்னத்தச் செஞ்சிச்சு தெரியுமா. டைல்ஸ் ஒட்டுத பசையைத் தயிருன்னு நெனச்சி எட்டிப் பாத்து, 'அக்கா இவ்ளோ தயிர் யாருக்கு'ன்னு கேக்கு. பால்ராஜு உருண்டு உருண்டு சிரிக்கான்."

"என்ஜினியருக்கு டைல்ஸ் பசை தெரியாதா" என்றேன்.

"தெரியும்ட்டி. சும்மா எங்களைச் சிரிக்க வைக்கக் கேட்டிருக்கும்." சோற்றைப் பிசைந்துகொண்டே, "பாவம். அவ அம்மைக்கு ஒரு பக்கம் கை காலு வரலையாம். படுக்கையிலதானாம். கல்யாணத்துக்குப் பெறவு அக்காக்காரி பெங்களூர் போய்ட்டாளாம். இவதான் சனி ஞாயிறு ஓடி ஓடிப் பாக்காளாம்" என்றாள்.

இதெல்லாம் எனக்குத் தெரியாது. இரண்டு வாரமாக எதிர் மேசையில் உட்கார்ந்திருக்கிறேன்.

ஜூலை 3

காலையில் அம்மா முட்டை பொரித்தாள். எனக்கு ஒன்று வைத்தாள். தன் தூக்குச்சட்டியில் இரண்டு வைத்தாள். அம்மா முட்டை சாப்பிடமாட்டாள்.

ஜூலை 4

ஜெர்லினுக்குச் சித்தாள் வேலை எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமாம். அம்மா அவளை முன்னால் நிறுத்தி, தன் சும்மாட்டுத் துணியை உதறிச் சுருட்டி, அவள் தலையில் வைத்து, வகிடு பார்ப்பதுபோல இரண்டு கையாலும் சரிசெய்தாள். பிறகு மணல் சட்டியைத் தூக்கி வைத்தாள். பாதிச் சட்டி. ஜெர்லின் ஆடி ஆடி நடந்தாள். அம்மா பின்னாலேயே, விழுந்தால் பிடிக்க, கையை விரித்துக்கொண்டு போனாள்.

பவிலியன் ஜன்னலிலிருந்து எல்லாம் தெரிகிறது. அந்த ஜன்னலுக்குக் கண்ணாடி போட வேண்டும் என்று பலமுறை சொல்லிவிட்டேன்.

என்னை அம்மா ஒருநாளும் சட்டி தூக்க விட்டதில்லை. லீவில் கூட வரட்டுமா என்று கேட்டதற்கு அடித்தாள்.

ஜூலை 8

வடக்கு கேலரியில் உடைத்த கான்கிரீட்டை அள்ளுவதற்கு ஆள் குறைகிறது. இது உண்மை. ஜவஹர் சாரே காலையில் சொன்னார். பவிலியனில் டைல்ஸ் வேலைக்கு அத்தனை சித்தாள்கள் தேவையில்லை. இதுவும் உண்மை. ஆகவே பால்ராஜ் மேஸ்திரியிடம், பவிலியனிலிருந்து ஆளை மாற்றச் சொன்னேன்.

"யாரை மேடம்?"

"அந்தக் கனியை அனுப்புங்க."

"கனியக்காவுக்கு முட்டு நோவு உண்டும்லா மேடம். கேலரி படி ஏறி எறங்கணும். வேற யாரையும் போடட்டா?"

"வேலைக்கு வந்தா எல்லாரும் ஒண்ணுதான்" என்றேன்.

நான் மேஸ்திரியிடம் இவ்வளவு உறுதியாகப் பேசியது இதுதான் முதல் தடவை. அவர்கூடக் கொஞ்சம் ஆச்சரியப்பட்டார்.

பவிலியன் ஜெர்லின் பொறுப்பு. வடக்கு கேலரி என் பொறுப்பு. அவ்வளவுதான் விஷயம்.

ஜூலை 9

சாரல் பிடித்துவிட்டது. குற்றாலத்துப் பக்கமிருந்து காற்று வந்து கேலரியின் மேல்படியில் நேராக அடிக்கிறது. ஜெர்லின் மதியம் டைல்ஸ் நிழலில் தனியாகச் சாப்பிட்டாள். எனக்கு நன்றாகப் பசித்தது.

ஜூலை 10

அம்மா முட்டிக்கு எண்ணெய் காய்ச்சித் தேய்த்துக்கொண்டாள். எதுவும் கேட்கவில்லை. ஏன் மாற்றினாய் என்று கேட்டிருந்தால் காரணம் சொல்லியிருப்பேன். காரணம் இருக்கிறது.

ஜூலை 11

ஜெர்லின் தூக்குச்சட்டியோடு வடக்கு கேலரிக்கே வந்துவிட்டாள். ஈரப் படியில் சாக்கு விரித்து இருவரும் சாப்பிட்டார்கள்.

ஜூலை 13

அம்மா விழுந்துவிட்டாள்.

கேலரியின் நடுப்பகுதியில் பழைய பாசி. உடைத்த கல்லை அன்றன்றே அள்ளி, படியைக் கழுவியிருக்க வேண்டும், சாரலில் விட்டுவிட்டோம். அம்மா சட்டியோடு இறங்கும்போது வலது கால் வழுக்கியது. சட்டியை விட்டிருந்தால் கையை ஊன்றியிருக்கலாம். கீழ்ப்படியில் ஆட்கள் இருந்ததால் அவள் சட்டியை விடவில்லை. அப்படியே முட்டியில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் மேல்படியில் இருந்தேன். அளவுகோலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே போகத்தான் இருந்தேன். அதற்குள் ஜெர்லின் மைதானத்துக்கு அந்தப் பக்கமிருந்து ஓடி வந்துவிட்டாள். தளத்துக்காகக் கட்டி வைத்த கம்பிகளின் மேலேயே ஓடி வந்தாள். அப்படி ஓடக்கூடாது.

மேஸ்திரியும் அவளுமாக அம்மாவைத் தூக்கி ஸ்கூட்டியில் வைத்தார்கள். போகும்போது அம்மா என்னைப் பார்த்துச் சொன்னாள், "ஒண்ணுமில்ல மேடம், ஒண்ணுமில்ல."

ஜவஹர் சார் என்னிடம், "உங்க ஏரியால்லா ஆதி, நீங்க போகக் கூடாதா?" என்றார்.

இரவு.

எலும்பு முறிவு இல்லை. சதை கிழிந்திருக்கிறது. கட்டுப் போட்டு, ஒரு வாரம் ஓய்வு என்று சொல்லியிருக்கிறார்கள். ஜெர்லின்தான் ஊர்வரை கொண்டுவந்து விட்டிருக்கிறாள். அம்மா கோயில் பக்கத்திலேயே இறங்கிக்கொண்டு, எங்கள் வீட்டைக் காட்டாமல் நொண்டி நொண்டி வந்திருக்கிறாள்.

"ஆஸ்பத்திரியில கூட வந்தது யாருன்னு நர்ஸு கேட்டுது. மகளான்னு கேட்டுது. அந்தப் புள்ள ஆமான்னுட்டு" என்றாள் அம்மா. சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"நீ இல்லைன்னு சொல்ல வேண்டியதுதான?"

"ஊசி போடுத நேரத்துல அதையா பேசிட்டு இருப்பாவ."

ஜூலை 14

அம்மா வீட்டில். நான் வேலைக்குப் போய் வந்தேன். சாயங்காலம் சோறு வடிக்கும்போது சண்டை வந்தது. நான் ஆரம்பிக்கவில்லை. ஜெர்லின் நேற்று வாங்கிக் கொடுத்த மாதுளம்பழத்தை உரித்துக்கொண்டே அம்மா, "தங்கமான புள்ள" என்றாள்.

"ஆமா, தங்கம். ஊரெல்லாம் மகள்னு சொல்லிக்கிடட்டும்."

"சொன்னா என்னட்டி? நெசமாவே ஆயிருமா?"

"ஒனக்கு நெசமா ஆனா நல்லதுன்னு இருக்கு. அவகூட உக்காந்து திங்க, சிரிக்க. என்னைப் பாத்தா மேடம் மேடம்னு ஒதுங்கிப் போற."

அம்மா பழத்தைக் கீழே வைத்தாள். "நீதானட்டி சொன்ன. 'சைட்ல என்னைத் தெரிஞ்ச மாதிரிக் காட்டிக்கிட்டன்னா நான் வேலையை விட்டுருவேன்'னு. கால்ல விழாத கொறையாச் சொன்ன. மறந்துட்டியா?"

சோறு குழைந்துவிட்டது.

ஜூலை 22

அம்மா திரும்ப வந்துவிட்டாள். படியேறும் வேலை வேண்டாம், பூசின சுவருக்குத் தண்ணீர் விடும் வேலை போதும் என்று ஜெர்லின் மேஸ்திரியிடம் பேசி வைத்திருந்தாள். அம்மா ஹோஸைப் பிடித்துக்கொண்டு பவிலியன் சுவர் ஓரமாக நின்றாள். ஒரு காலில் மட்டும் பாரத்தைப் போட்டு நிற்கிறாள்.

ஜெர்லினுக்கு மாற்றல் வந்திருக்கிறது. அவளே கேட்டு வாங்கியது. நாகர்கோவில் பக்கம் கம்பெனி எடுத்திருக்கும் வேலைக்கு மாத முடிவில் போகிறாள். எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது. நானே போய் வாழ்த்துச் சொன்னேன். அவள் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "நீங்க எங்கிட்ட பேசவே மாட்டேங்கறீங்களேன்னு கனி அக்காகிட்ட எத்தனை நாள் புலம்பியிருக்கேன் தெரியுமா? நான் ஏதோ தப்பு செஞ்சிட்டேன்னு நெனச்சேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"'அந்த மேடம் சின்னதுலேருந்தே அப்படித்தான் இருந்திருப்பாங்க, கூச்ச சுபாவம், மனசுல ஒண்ணும் கிடையாது'ன்னாங்க."

ஜூலை 24

சந்தோஷம் இரண்டு நாள்கூட நிற்கவில்லை.

ஜெர்லின் தன் அம்மாவைப் பார்த்துக்கொள்ளக் கூடவே தங்கும் ஆள் தேடுகிறாள். அம்மாவிடம் கேட்டிருக்கிறாள். தூக்கி உட்கார வைக்க ஒரு ஆண் உதவியாள் காலையும் மாலையும் வருவானாம். அம்மா செய்ய வேண்டியது சாப்பாடு கொடுப்பது, பக்கத்தில் இருப்பது, பேசிக்கொண்டிருப்பது. தனி அறை. முட்டிக்கு வைத்தியமும் பார்ப்பார்களாம்.

"போறேன்னு சொல்லிட்டியா?"

"சொல்லல. சொல்லலாம்னு இருக்கேன்." அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "சட்டி தூக்க இனி முடியாதுட்டி. ஒனக்கும் நல்லதுதான். ஒங்கூட வேலை பாக்கவியளுக்கு எப்பத் தெரியுமோன்னு நெதம் பயந்துட்டு இருக்க வேண்டாம்லா."

"சும்மா வீட்டுல இரு. நான் சம்பாதிக்கேம்லா."

"சும்மா எப்படி இருக்க? செவரைப் பாத்துட்டு?"

நான் போய்ப் பாயை விரித்தேன். போகட்டும்.

ஜூலை 25

போகட்டும் என்று எழுதியிருக்கிறேன். ஜெர்லினுக்கு அப்பா இருக்கிறார், அக்கா இருக்கிறாள், ஸ்கூட்டி இருக்கிறது, கேட்க நினைத்ததைக் கேட்கும் வாய் இருக்கிறது. படுக்கையில் என்றாலும் அவளுக்கு அம்மாவும் இருக்கிறாள். எனக்கு இருப்பது ஒன்று. அதையும் எடுத்துக்கொண்டு போகிறாள், என்னிடம் கேட்கக்கூடத் தேவையில்லாமல்.

யாரிடம் கேட்பாள்?

ஜூலை 27

இன்று மேடைத் தளத்துக்குக் கான்கிரீட். எல்லாவற்றையும் வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் மிக்சர் மெஷினுக்குச் சந்தனம் பூசிப் பூ வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். கான்கிரீட் போடும் நாளில் முதல் சட்டியை யாராவது ஒருவர் கையால் போட வைப்பது வழக்கம். வீடு என்றால் வீட்டுக்காரர் போடுவார். இங்கே முதலாளி வரவில்லை. ஜவஹர் சார், "ஜெர்லின் கிளம்பப் போகுது. அது கையால போடட்டும்" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

ஜெர்லின் சட்டியை வாங்கினாள். பிறகு திரும்பி, "நான் வேண்டாம் சார். கனி அக்கா போடட்டும்" என்றாள். எல்லாரும் கை தட்டினார்கள். அம்மா வேண்டாம் வேண்டாம் என்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். ஜெர்லின் அவள் தோளைச் சுற்றிக் கையைப் போட்டு இழுத்துக்கொண்டு வந்தாள். "இன்னொரு விஷயம் சார். கனி அக்காவ நான் எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். எங்க அம்மைக்குத் துணையா. இனி அவங்க எங்க வீட்டு ஆளு."

மேஸ்திரி, "நல்லாருக்கு மேடம். இருக்கவளுகள்ல வேலை தெரிஞ்சவ இவ ஒருத்திதான். அவளையும் கொத்திட்டுப் போறியளா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். ஜெர்லினின் கை அவள் தோளிலேயே இருந்தது.

"அவங்க வரமாட்டாங்க" என்றேன்.

நான் பேசியது எனக்கே பிறகுதான் கேட்டது. எல்லாரும் திரும்பினார்கள்.

"ஏன் ஆதி?"

"அவங்க எங்க அம்மா."

ஜவஹர் சார் என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். எல்லாரையும்விட முந்திக்கொண்டு பேசியது அம்மாதான்.

"மேடம் சும்மா சொல்லுதாங்க. அவியளுக்கு வயசுல மூத்தவ யாரா இருந்தாலும் அம்மா மாதிரிதான்."

சிரிப்பு. நிம்மதியான சிரிப்பு. "அதான பாத்தேன்" என்று மேஸ்திரி சொன்னார்.

நான் நேரே போய் ஜெர்லினின் கையை எடுத்துவிட்டேன். முரட்டுத்தனமாகத்தான் எடுத்தேன். "ஏம்மா பொய் சொல்லுத?" என்றேன். சைட்டில் நான் இதுவரை அப்படிப் பேசியதில்லை. அந்தப் பேச்சைக் கேட்டதும் எல்லாருக்கும் புரிந்துவிட்டது. ஜெர்லின் ஓரடி பின்னால் போனாள். அவள் முகம் வெளுத்திருந்தது. வடக்கு கேலரிக்கு அம்மாவை மாற்றியது யார் என்பது அவளுக்குத் தெரியும்.

அம்மா சட்டியை வாங்கித் தளத்தில் கொட்டினாள். குனிந்து நிமிரும்போது எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"இன்னிக்கு இந்தப் புள்ள மேல உள்ள எரிச்சல்ல சொல்லிட்ட. நாளைக்கும் சொல்லுவியா?"

மிக்சர் ஓடத் தொடங்கியது. சாயங்காலம்வரை யாரிடமும் பேச வேண்டியிருக்கவில்லை.

ஜூலை 28

மேஸ்திரி அம்மாவுக்குப் பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டார். "மேடத்தோட அம்மா, உக்காருங்க" என்றார். கேலரியில் பதிக்க வந்த நீல நாற்காலி. அம்மா உட்காரமாட்டேன் என்றாள். உட்கார வைத்துவிட்டார்கள். ஹோஸைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபடியே சுவருக்குத் தண்ணீர் விட்டாள். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் கேலி செய்தார்கள். "இனி நாங்க தப்பு செஞ்சா அம்மாட்ட சொல்லிக்கிடலாம்" என்றான் கம்பி கட்டுகிற ஒருவன்.

கேலி மட்டும்தான். வேறெதுவும் நடக்கவில்லை. வேறு என்ன நடக்கும் என்று இத்தனை நாள் பயந்தேன் என்பதை யோசித்துப் பார்த்தேன்.

ஜெர்லின் என்னோடு பேசவில்லை.

ஜூலை 30

முதலாளி வந்தார். கூடவே வங்கியிலிருந்து இரண்டு பேர், டை கட்டியவர்கள். மேடையைப் பார்த்தார்கள். நான் மட்டங்களைச் சொன்னேன். "குட்" என்றார். திரும்பி வரும் வழியில் பவிலியன் சுவர் ஓரம் அம்மா நீல நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"இந்தம்மா யாரு? வேலை நேரத்துல நாற்காலி போட்டு உக்காந்திருக்கு?"

ஜவஹர் சார் பின்னால் போனில் பேசிக்கொண்டிருந்தார். என்னைத்தான் கேட்டார். முதலாளி அவசரத்தில் இருந்தார். கார் ஓடிக்கொண்டிருந்தது. முட்டி, கேலரி, எல்லாம் முதலிலிருந்து சொல்ல வேண்டும். அதற்கு அப்போது நேரமில்லை.

அம்மா எழுந்து நின்றாள். "தண்ணி விடுத ஆளுய்யா" என்றாள்.

அவர்கள் போய்விட்டார்கள். அம்மா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய், மற்ற நாற்காலிகள் அடுக்கியிருந்த இடத்தில் வைத்தாள். என் பக்கம் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன்.

ஆகஸ்ட் 2

அம்மா போய்விட்டாள்.

நேற்று இரவு துணி அடுக்கும்போது, "ஒரு மாசம். அந்தப் புள்ளைக்குப் போக்கிடம் இல்ல, வேற ஆள் கிடைக்கிற வரைக்கும்" என்றாள். கோபமாக இல்லை. கோபமாக இருந்திருந்தால் நானும் பதிலுக்குப் பேசியிருப்பேன்.

"அன்னிக்கு முதலாளி..." என்று ஆரம்பித்தேன்.

"அதுக்கில்லட்டி. அதுக்கில்ல." பையின் ஜிப்பை இழுத்தாள். பாதியில் நின்றுவிட்டது. நான் இழுத்துக் கொடுத்தேன்.

காலையில் ஜெர்லின் அவள் அப்பாவோடு காரில் வந்தாள். முதல்முறையாக எங்கள் வீட்டைப் பார்த்தாள். உள்ளே வந்து தண்ணீர் கேட்டுக் குடித்தாள். என்னிடம், "நீங்க சொல்லியிருந்தா நான் கேட்டிருக்கவே மாட்டேன் ஆதி" என்றாள். அது உண்மை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அதிக எரிச்சல்.

முன்சீட்டில் அம்மாவை உட்கார வைத்து, பெல்ட்டை இழுத்து மாட்டிவிட்டாள். அம்மா அதற்கு முன் காரில் முன்னால் உட்கார்ந்ததில்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் 3

பஸ்ஸில் பின்பக்கம் அம்மா உட்காரும் இடம் காலியாக இருந்தது. போய் உட்காரவில்லை.

ஆகஸ்ட் 5

நேற்று அம்மா போனை எடுக்கவில்லை. இன்றும் எடுக்கவில்லை. சார்ஜ் போடத் தெரியாமல் இருக்கலாம். மறந்திருக்கலாம். அங்கே பேச ஆள் இருக்கிறது.

குழம்பு வைத்தேன். புளி அதிகம். டப்பாவில் கொண்டுபோய் ஆட்களோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். மேஸ்திரி ஒரு வாய் வாங்கி, "அம்மா எப்ப வருவாவ?" என்றார்.

ஆகஸ்ட் 9

ஞாயிறு. கேலரிக்குக் கான்கிரீட் போடுவதால் லீவு இல்லை. பெரிய வேலை. இரண்டு மிக்சர்கள். ஜவஹர் சார், மேஸ்திரி, ஆட்கள் எல்லாரும் வடக்குப் பக்கம் இருந்தோம். முதலாளியும் வந்து குடைக்கு அடியில் நின்று பார்த்தார்.

மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு அம்மாவுக்கு அடித்தேன். சுவிட்ச் ஆஃப். ஜெர்லினின் எண்ணை முதல்முறையாக அழைத்தேன்.

"ஆதி? சொல்லுங்க." அவள் குரல் மெதுவாக இருந்தது. "ரெண்டு பேரும் சாப்பிட்டு இப்பதான் தூங்குனாங்க. காலையிலேருந்து ஒரே கதை. எங்க அம்மை ரொம்ப நாளைக்கு அப்புறம் வாய்விட்டுச் சிரிச்சுது."

எனக்கு வயிறு எரிந்தது. எழுதத்தானே இந்த நோட்டு. எரிந்தது.

"எங்க அம்மாவை எழுப்புங்க" என்றேன்.

"என்னது? மிக்சர் சத்தம், கேக்கல."

"எங்க அம்மாவை எழுப்புங்க."

"ஏதாவது அவசரமா?"

"இல்ல."

"கேக்கல ஆதி, தள்ளி வந்து பேசுங்க."

தள்ளிப் போயிருக்கலாம். பவிலியன் பக்கம் சத்தம் இருக்காது. எனக்குப் போகத் தோன்றவில்லை. போனை வாயருகே வைத்துக் கத்தினேன். நான் கத்தியது தன்னைத்தான் என்று நினைத்து மிக்சர் ஓட்டுகிறவர் மெஷினை நிறுத்திவிட்டார். மற்றவரும் நிறுத்தினார். ஸ்டேடியம் முழுக்க என் குரல் மட்டும் இருந்தது.

"எங்க அம்மா சண்முகக்கனியை எழுப்பி, மக கூப்பிடுதான்னு சொல்லுங்க."

எதிர்க் கேலரியில் பட்டுத் திரும்பி வந்தது. சட்டியோடு நின்ற பெண்கள் அப்படியே நின்றார்கள். மேஸ்திரி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். குடைக்கு அடியிலிருந்து முதலாளி என்னைப் பார்த்து, பக்கத்தில் நின்ற ஜவஹர் சாரிடம் ஏதோ கேட்டார். சார் ஏதோ சொன்னார்.

போனில் யாரோ புரண்டு எழும் சத்தம் கேட்டது. பிறகு தூக்கக் கலக்கமான அந்தக் குரல்.

"என்னட்டி, இந்தக் கத்து கத்துத? பக்கத்துல யாரும் இல்லையா?"

"எல்லாரும் இருக்காவம்மா" என்றேன்.